உள்ளூர் மரம் எல்லாம் நல்ல மரமா? – வேலூர், ஆம்பூர் பக்கத்து வரலாறு



வகுப்பில் ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுத்தார்கள். "பொது இடங்களின் உள் அலங்காரத்தில் உள்ளூர் மரங்கள்". நூலகம், பேருந்து நிலையம், மருத்துவமனையில் காத்திருக்கும் அறை, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற இடங்களில் பெஞ்சு, மேசை, அலமாரி, தடுப்பு எல்லாவற்றையும் வெளிநாட்டு மரத்துக்குப் பதிலாகப் பக்கத்து மரத்தில் செய்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எழுத வேண்டும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதினோம். லாரி வாடகை குறையும், டீசல் புகை குறையும், உள்ளூர் ஆசாரிக்கு வேலை கிடைக்கும். அவ்வளவுதான் கட்டுரை.

எழுதிக் கொடுத்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உள்ளூர் மரத்தைப் பயன்படுத்துவது புதிய யோசனையா? நம் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் எல்லோரும் உள்ளூர் மரத்தைத்தானே பயன்படுத்தினார்கள்? அப்படியானால் நம் மலைகளில் அந்தப் பெரிய மரங்கள் ஏன் இல்லை? இந்தக் கேள்வியோடு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை என்று வரிசையாக இருக்கும் தோல் தொழில் ஊர்கள். முன்பு இவை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. தெற்கே ஜவ்வாது மலை, மேற்கே ஏலகிரி. இவை கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள். வேங்கை, ஆச்சா, கருமருது, சந்தனம் போன்ற மரங்களின் நிலம் இது. சமவெளியில் வேம்பு, பூவரசு, புளி, பனை.

பழைய கட்டடங்களில் மரம் எங்கே இருந்தது?

இன்று உள் அலங்காரம் என்றால் சுவரில் ஒட்டும் பிளைவுட்டும் லேமினேட்டும்தான் நினைவுக்கு வருகிறது. முன்பு மரம் கட்டடத்தையே தாங்கியது. பழைய அரசு அலுவலகம், பள்ளிக்கூடம் எதற்காவது போனால் மேலே அண்ணாந்து பாருங்கள். "மெட்ராஸ் டெரஸ்" என்று சொல்லும் கூரை தெரியும். வரிசையாக மரக்கட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் பக்கவாட்டில் சாய்வாக அடுக்கிச் செய்த கூரை அது. மரம் வெளியே தெரியும்படி இருக்கும். கூரையும் அதுதான், அலங்காரமும் அதுதான். சாதாரண வீடுகளில் இந்த வேலையைப் பனைமரச் சட்டங்கள் செய்தன. ஒரு வீட்டை இடித்தால் அதன் கட்டைகள் அடுத்த வீட்டுக்குப் போகும். வைரம் பாய்ந்த கட்டையை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள்.

இந்த அளவில் வெட்டினால் காடு தாங்கிக்கொள்ளும். பிறகு ரயில் வந்தது.

ரயில் கேட்ட மரம்

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதாவது முதல் ரயில் வந்து நின்றதே நம் பகுதியில்தான். பிறகு அந்தப் பாதை பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை போனது.

தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டை வேண்டும். ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் தேவை என்று நான் படித்த ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இருந்தது. சரி, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராயபுரம் – வாலாஜா ரோடு தூரம் 60 மைலுக்குச் சற்று அதிகம். குறைந்த கணக்கில் 1,760 என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் கட்டைக்கு மேல் ஆகிறது. அதுவும் ஒற்றைப் பாதைக்கு. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரம் என்பதால் சில ஆண்டுகளில் உளுத்துப்போகும், கரையான் தின்னும், மறுபடி மாற்ற வேண்டும். 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஸ்லீப்பருக்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் வெட்டப்பட்டன என்றும் அதே பாடத்தில் படித்திருக்கிறேன். இது போதாதென்று எஞ்சினும் விறகில் ஓடியது. நிலக்கரி தூரத்திலிருந்து கப்பலில் வர வேண்டும், விறகு பக்கத்தில் கிடைத்தது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த ஒருவர் ஹியூ கிளெக்ஹார்ன். சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். மருத்துவர், தாவரவியலும் தெரிந்தவர். 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். ரயில்வேயின் தேவையால் வட ஆர்க்காட்டு மலைகள் மொட்டையாகி வருவதை அவர் பதிவு செய்தார். தென்னிந்தியக் காடுகளைப் பற்றிய அவருடைய புத்தகம் 1861-இல் வந்தது. ரயில் வந்து ஐந்தே ஆண்டுகள்!

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். ரயில்வே செய்தது என்ன? உள்ளூர் மரத்தைப் பயன்படுத்தியது. போக்குவரத்துச் செலவு குறைவு. உள்ளூர் ஆட்களுக்கு வெட்டுகூலி கிடைத்தது. நாங்கள் வகுப்பில் எழுதிய அத்தனை நன்மைகளும் அதில் இருந்தன. ஆனாலும் மலை மொட்டையானது. காரணம், ஒரு வேங்கை வைரம் பாய்ந்து கட்டையாக ஒரு மனிதன் வளர்ந்து கிழவனாகும் காலம் வேண்டும். ஸ்லீப்பருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

பூட்டும் பர்மா தேக்கும்

அதற்குப் பிறகு அரசு செய்தது பூட்டுப் போடுவது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. மலைகள் ஒதுக்குக் காடுகளாயின. ரயிலுக்காக வெட்டியவர்களைவிட, ஏர்க்காலுக்கும் விறகுக்கும் காட்டை நம்பியிருந்த மலைவாசிகளும் அடிவாரக் கிராமத்தாரும்தான் இதில் அதிகம் நெருக்கப்பட்டார்கள். ரயிலுக்கு விறகு வேண்டுமே என்று கடற்கரை ஓரமாகச் சவுக்குத் தோப்புகள் போடப்பட்டன. இன்று நாம் பந்தல் கால் நடும் சவுக்கு தமிழ்நாட்டில் இவ்வளவு பரவியதில் ரயிலுக்கும் பங்கு உண்டு.

பெரிய கட்டடங்களுக்கும் பணக்கார வீடுகளுக்கும் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பார்த்து இன்றும் வியக்கிறோம். பர்மா தேக்கு நல்ல மரம்தான், சந்தேகமில்லை. ஆனால் நம் மலையில் வெட்டுவதற்குப் பதில் யாரோ ஒருவருடைய மலையில் வெட்டினோம். நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. ஆக, பக்கத்து மரம் என்பதால் நல்லதும் இல்லை, தூரத்து மரம் என்பதால் நல்லதும் இல்லை.

தோல் தொழில் கற்றுக்கொடுப்பது

நம் ஊர்த் தோல் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் தோலைப் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. இரண்டும் மண்ணில் விளைந்தவை. ஆவாரை புதர்ச்செடி, குச்சியை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கடுக்காய் என்பது காய், அதற்கு மரத்தை வெட்ட வேண்டியதே இல்லை. 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். குரோம் முறையில் வேலை சீக்கிரம் முடியும். பிற்காலத்தில் அதுவே பரவலானது. அதற்கு நாம் கொடுத்த விலை பாலாறு.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுவதுமாகவோ பாழானதாக அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. "மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்", "தீங்கு வரும் முன்பே தடுக்க வேண்டும்" என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் நீடித்த வளர்ச்சி என்ற பாடத்தில் படிக்கும் வழக்கு நம் வேலூர் வழக்கு! அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளிலிருந்து தொடங்கிய கோதவர்மன் வழக்கில், காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை உச்ச நீதிமன்றம் விதித்தது. ஒரே ஆண்டில் ஆற்றுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. இரண்டும் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பியவை.

சந்தன மரம் சொல்லும் இன்னொரு பாடம்

ஜவ்வாது மலை என்றால் சந்தனம். திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இருக்கிறது. ஆனால் நெடுங்காலம் வரை, உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில் சந்தன மரம் முளைத்தாலும் அது அரசுக்குச் சொந்தம். அப்படியிருக்க எந்த விவசாயி சந்தனக் கன்று நடுவார்? தானாக முளைத்ததையே பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. 2002-இல்தான் தமிழ்நாட்டில் சட்டம் மாறி, நிலத்துக்காரருக்கே மரம் சொந்தம் என்றானது. வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். மரத்தை நட்டவருக்கு அதனால் பலன் உண்டு என்றால்தான் அடுத்த மரம் நடப்படும்.

அப்படியானால் எந்த மரம்?

இத்தனையும் படித்த பிறகு என் கட்டுரையை மறுபடி எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்.

முதலாவது, மலைக்காட்டு மரம் வேண்டாம், வயல் வரப்பு மரம் வேண்டும். வேம்பு, பூவரசு, மா, பலா எல்லாம் விவசாயி வளர்க்கிற மரங்கள். வேம்பைப் பூச்சி அவ்வளவாக அண்டாது. பூவரசில் வண்டிச் சக்கரமே செய்தார்கள். ஆனால் இவை தேக்குபோல நீளமாக, நேராக வளராது. எனவே பெஞ்சையும் மேசையையும் சிறு துண்டுகளை இணைத்துச் செய்யும்படி வடிவமைக்க வேண்டும். மரத்தை நன்றாகக் காயவைத்துப் பக்குவப்படுத்தவும் வேண்டும். பச்சை மரத்தில் அவசரமாகச் செய்தால் ஆறே மாதத்தில் வளைந்து வெடிக்கும். பிறகு "நாட்டு மரமே சரியில்லை" என்று கெட்ட பெயர் வரும்.

இரண்டாவது, பழைய மரம். மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கட்டைகள் மரவாடிகளுக்கு வருகின்றன. ஒரு நூலகத்துக்கு அலமாரி செய்ய இதைவிட நன்றாகக் காய்ந்த மரம் எங்கே கிடைக்கும்? பனைக்கும் இதுவே பொருந்தும். 2021 முதல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. புதிதாக வெட்டுவதை விட்டு, இடித்த வீட்டுச் சட்டங்களை எடுத்துப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, வெட்டினால் காட்டுக்கே நல்லது செய்யும் செடிகள். இதற்கு நம் மாவட்டத்தை விட்டு நீலகிரிக்குப் போக வேண்டும். உண்ணிச்செடி பிரிட்டிஷ் காலத்தில் அழகுச் செடியாக வந்து காடுகளை மூடிக்கொண்ட களை. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் அதன் கம்புகளை வளைத்து ஆளுயரத்துக்கும் மேலான யானைகள் செய்தார்கள். 2021-இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் கூட்டமாக நின்றன. கர்நாடகாவின் மாதேஸ்வரன் மலையில் சோலிகர் மக்கள் இதே செடியில் நாற்காலி, மேசை செய்கிறார்கள். உண்ணிச்செடி நம் பக்கத்து மலைகளிலும் இருக்கிறது, சமவெளி முழுக்கச் சீமைக்கருவேலம் இருக்கிறது. கருவேலத்தைக் கரியாக்குவதோடு நிறுத்திவிட்டோம். அதன் கட்டை கனமானது, சிறு பொருள்களுக்கு உதவும்.

ஆக, பொது இடத்தில் ஒரு மரப் பெஞ்சைப் பார்த்தால் "இது எத்தனை கிலோமீட்டரிலிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டால் போதாது. இன்னும் மூன்று கேள்விகள் வேண்டும். இந்த மரம் வளர எத்தனை ஆண்டு ஆனது, பெஞ்சு அத்தனை ஆண்டு உழைக்குமா? வளர்த்தவருக்கு என்ன கிடைத்தது? ஒரு கால் உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா, முழுப் பெஞ்சையும் எறிய வேண்டுமா? 1856-இல் யாராவது இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் நம் மலைகள் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இன்று அந்தப் பாதையில் கான்கிரீட் ஸ்லீப்பர் மேல் மின்சார எஞ்சின் ஓடுகிறது. ரயிலுக்கு இனி ஜவ்வாது மலை மரம் வேண்டாம். நூலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இனிமேல்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பழைய பள்ளிக்கூடத்திலோ தாலுகா அலுவலகத்திலோ என்ன மரம் இருக்கிறது? யாராவது ஒரு வயதான ஆசாரியிடம் கேட்டுப் பாருங்கள். தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.