எயில் என்னும் பெயர்

மரக்காணத்திலிருந்து புதுவை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் அனுமந்தை அமைந்துள்ளது. இக்கரைக்குத் திருவிழாக் காண வரும் அன்பர்கள் முதலிற் காண்பது, பாத்தி பாத்தியாக வெண்மை பூத்துக் கிடக்கும் உப்பளங்களையே. இப்பகுதியில் மதிலாற் பெயர்பெற்ற பட்டினம் ஒன்று இருந்தது என்றால் புதியவர் வியப்பர். அப்பெயரின் பொருளையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைச் சிறுபாணாற்றுப்படையாற் பாடிய நத்தத்தனார், மரக்காணத்தை அடுத்த இடைக்கழிநாட்டு நல்லூரினர். திண்டிவனத்தைச் சார்ந்த கிடங்கிலுக்குப் பாணனை வழிப்படுத்தும் அவர், இடையிலுள்ள துறைமுகத்தின் பெயரை வெளிப்படக் கூறினாரல்லர். மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட பட்டினம் என்று குறிப்பாற் சுட்டினார். உரை கண்ட நச்சினார்க்கினியர் அதனை எயிற்பட்டினம் என விளக்கினார். அது மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை.

எயில் என்பது மதில்; மதில் சூழ்ந்த அரணுமாம். அம்பு எய்து காக்கும் இல் ஆதலின் எயில் ஆயிற்று எனப் பிரித்துப் பொருள் கூறுவாரும் உளர். எயிறு, அதாவது பல், என்பதோடு இதனை மயங்கற்க. எயிறு என்பதினின்று பிறந்திருப்பின் எயிற்றுப்பட்டினம் என்று இரட்டித்தே வந்திருக்கும். காஞ்சிமாநகர் அடங்கிய கோட்டத்திற்கும் எயிற்கோட்டம் என்றே பெயர்.

வடக்கே கடப்பாக்கத்தில் இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டையைக் காட்டி, இதுவே அந்த எயில் என்பாரும் உண்டு. அக்கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. நத்தத்தனார் பாடியதோ சங்க காலத்தில்.

கி.பி. முதல் நூற்றாண்டிற் கடல்வழிகளை எழுதிவைத்த கிரேக்க மாலுமி ஒருவர், கமரா, பொதுகே, சோபத்மா என மூன்று துறைகளைக் கூறுகின்றார். காவிரிப்பூம்பட்டினமும் புதுவையை அடுத்த அரிக்கமேடும் முன்னைய இரண்டு என்பர். சோபத்மாவைச் சோபட்டினம் எனக் கொண்டு, அதுவும் மரக்காணமே என்பார் உளர். தமிழிற் 'சோ' என்பதற்கும் அரண் என்பதே பொருள். ஆகவே எயிற்பட்டினமும் சோபட்டினமும் ஒரு பொருள் குறித்த இரு பெயர்களாகின்றன.

இங்கேதான் நம் போன்றோர் தடுமாற இடமுண்டு. சோ என்பது வாணாசுரனுடைய தொன்னகரின் பெயருமாகும். வாணன் சிவபெருமான்பால் அன்பு மிக்கவன். குடமுழா முழக்கிப் பெருமானை மகிழ்வித்தவன். அவன் நகர்க்குப் பெருமானே காவலாய் நின்றான் என்று புராணம் பேசும். மூன்று எயிலை எரித்தவன் ஓர் எயிலைக் காத்து நின்றான்! எரித்த தலமாகிய திருவதிகையோ கெடிலக் கரையில், நமக்கு அணித்தே உள்ளது. இவற்றையெல்லாம் சேர்த்து, வாணன் நகரம் இக்கரையிலேதான் இருந்தது என்று விழா மேடையில் முழங்கினால் கைதட்டு நிரம்பக் கிடைக்கும். நாம் அதனைச் சொல்ல மாட்டோம். அரணுடைய ஊர் எதற்கும் அப்பெயர் பொருந்தும். பெயர் ஒத்தமையால் ஊர் ஒன்றாகிவிடாது. மூன்று எயிலும் மும்மலச் செயலே என்று திருமூலர் உணர்த்திய பின், அவற்றிற்கு நிலத்தில் இடந்தேடுவதும் மிகை.

நத்தத்தனார் இப்பட்டினத்தைப் பற்றிச் சொன்னவை நமக்குப் போதும். நுளையர் மனையில் பாணன் பெறும் விருந்தை இம்மேடையில் விரித்துரைக்க வேண்டுவதில்லை! ஆயின் அங்கே எரிந்த விறகு நோக்கத்தக்கது. கடலலை கொணர்ந்து ஒதுக்கிய நறுமண மரக்கட்டைகள் அவை. கரையில் அவை கிடந்த கிடை, ஒட்டகங்கள் படுத்துறங்குவது போன்றிருந்ததாம்.