குதிரை முட்டையும் மொழிப் பாடமும்



கச்சிராயபாளையத்தில் என்னிடம் படித்த ஒருவர் இப்போது வேலைக்காக ஸ்பானிஷ் கற்கிறார். வகுப்பில் இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, சின்னச் சின்னக் கதைகளாகவே சொல்லிக்கொடுக்கிறார்களாம். "இது ரொம்பப் புது முறை சார்" என்று எழுதியிருந்தார். புது முறை இல்லை தம்பி, நம் தமிழையே அப்படிக் கற்பித்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

பரமார்த்த குரு கதை உங்களில் பலருக்கும் தெரியும். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்ப்பார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிக் காசு கொடுத்து வாங்குவார்கள். சிறுவர் கதை என்றுதான் நாம் படித்தோம். ஆனால் எழுதியவர் நம் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதவில்லை. தமிழ் கற்க வந்த ஐரோப்பியருக்காக எழுதினார்.

அவர் வீரமாமுனிவர். இயற்பெயர் பெஸ்கி. 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1710-ல் கோவாவுக்குக் கப்பலில் வந்து, பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த ஏசு சபைப் பாதிரியார். நமக்கு அவர் தூரத்து ஆள் இல்லை. விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் இருக்கும் பெரியநாயகி மாதா கோயில் அவர் கட்டியது. தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர், எ-ஏ, ஒ-ஓ எழுத்துகளில் குறில் நெடில் குழப்பம் வராதபடி வடிவத்தைத் திருத்தியவர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த எழுத்துத் திருத்தமே ஒரு மாணவனின் கண்ணால் பார்த்தவர் செய்த வேலை என்பது என் எண்ணம். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவனுக்கு அந்தக் குழப்பம் கண்ணில் படாது.

அவருக்கு முன்னும் வெளிநாட்டார் தமிழ் கற்றார்கள். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் ஜெபமும் மத போதனையும் கொண்ட நூல். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். பிறகு உலகநீதி, கொன்றைவேந்தன் போன்றவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். ஆரம்ப மாணவனுக்கு அன்று கிடைத்தது ஒன்று ஜெபம், இல்லாவிட்டால் நீதிவாக்கியம். இலக்கியம் என்றால் செய்யுள். சந்தையில் மாடு பிடிக்கிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்குப் புத்தகம் ஏது?

பெஸ்கி பேச்சுத் தமிழுக்குத் தனியாகவே லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. தமிழ்-லத்தீன் அகராதி ஒன்றும் செய்து, அதோடு வாசிப்புப் பயிற்சியாக இந்தக் கதையை லத்தீன் மொழிபெயர்ப்போடு சேர்த்தார்.

ஓர் ஆசிரியனாக இந்தக் கதையைத் திரும்பப் படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஆற்றைக் கடந்ததும் சீடர்கள் தலை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவதால் ஒரு ஆள் குறைகிறது. அடுத்தவன் எண்ணுகிறான், அவனுக்கும் குறைகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மாணவன் எத்தனை தடவை சொல்கிறான் பாருங்கள்! வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் பத்து தடவை சொல்வானா? ஆறு, கரை, கட்டை, மாடு, வாடகை, நிழல், விலை, முயல் என்று வரும் சொல்லெல்லாம் அன்றாடம் தேவைப்படுபவை. அதைவிட முக்கியம், சிரிப்பு. பூசணிக்காய் தவறி விழுந்து உடைய, புதரிலிருந்து ஒரு முயல் ஓட, "ஐயோ குதிரைக்குட்டி" என்று துரத்துகிறார்களே, அங்கே மாணவன் சிரித்தால் அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிக்காவிட்டால் புரியவில்லை. தனியாகப் பரீட்சை வைக்க வேண்டாம்.

1822-ல் பெஞ்சமின் பாபிங்டன் இந்தக் கதையை லண்டனில் அச்சிட்டார். சென்னையில் கும்பினி உத்தியோகம் பார்த்தவர். தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதல் கதைக்கு மட்டும் இலக்கண விளக்கம். ஒரு கதையைப் பிரித்துக் காட்டிவிட்டு மற்றதை நீயே படி என்கிற திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. (இதே பாபிங்டன் பின்னால் மருத்துவராகி, தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்க்கும் கருவி ஒன்றும் செய்தார்!)

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெஸ்கி மதம் பரப்ப வந்தவர். இங்குள்ள குருமார்களைக் கேலி செய்யவே இதை எழுதினார் என்று சொல்பவர்கள் உண்டு. ஆள் எண்ணும் கதை இங்கிலாந்தில் கோதம் ஊர்க்காரர்களைப் பற்றியும் வழங்குகிறது; ஆகவே இது பல நாட்டில் நடமாடும் கதை என்பார் வேறு சிலர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் கும்பினி இளைஞன் ஒருவன் இதில் தொடங்கினால், அவன் முதலில் படிக்கும் தமிழ் ஒரு தமிழ்க் குருவைப் பார்த்துச் சிரிக்கும் தமிழ். பாடத்துக்கு எந்தக் கதையை எடுக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு சீடனுக்கு மிலேச்சன், அதாவது அந்நியன், என்று பெயர் வைத்திருப்பதையும் கவனியுங்கள். படிக்கும் அந்நியனுக்கும் அதில் ஒரு குட்டு உண்டு.

எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812-ல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வந்தது. கும்பினி இளைஞர்கள் இங்கே நாட்டு மொழிகள் படித்துத் தேற வேண்டும். அங்கே தமிழ்ப் புலவராக இருந்த தாண்டவராய முதலியார் 1826-ல் பஞ்சதந்திரத்தை மராட்டியிலிருந்து தமிழ் உரைநடையில் தந்தார். கதாமஞ்சரியும் அவருடையதே. துரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கல்லூரியில் உருவான கதைப் புத்தகங்களை அப்புறம் நம் பிள்ளைகளே படித்தார்கள்.

ஸ்பானிஷுக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த பிளெய்ன் ரே, 1990 வாக்கில் கதை சொல்லி ஸ்பானிஷ் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். சொல்லுக்கேற்ப உடம்பை அசைக்க வைத்து மொழி கற்பித்த ஜேம்ஸ் ஆஷரின் வழியிலிருந்து வளர்ந்தது அது. இரண்டு மூன்று புதுச் சொல், ஒரு அபத்தமான கதை, அதே வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றிக் கேள்வி. பூனை வந்ததா? நாய் வந்ததா? யார் வந்தது? அவர் பரமார்த்த குருவைப் படித்தாரோ இல்லையோ, தலை எண்ணும் சீடர்கள் செய்ததும் இதுதான்.

இதை நான் முக்கியமாக எழுதுவது அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்களுக்காக. உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் இப்போது அந்நிய மொழி. பெஸ்கியின் மாணவர்கள் இருந்த இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். ஆத்திசூடியை மனப்பாடம் செய்யவைத்து வீடியோ அனுப்புகிறீர்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தாத்தாவிடம் போனில் பேசும்போது அந்தக் குழந்தையால் "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்ட முடியவில்லையே. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பூசணிக்காய் வாங்கி மேசையில் வையுங்கள். இது என்ன? பூசணிக்காயா, முட்டையா? கோழி முட்டையா, குதிரை முட்டையா? மெதுவாகக் கேளுங்கள். இங்கிலீஷில் பதில் வந்தால் திட்டாதீர்கள், அதையே தமிழில் நீங்கள் சொல்லிவிட்டு மேலே போங்கள். முயல் ஓடும் இடத்தில் பிள்ளை சிரித்ததா என்று கீழே எழுதுங்கள்.