சுராங்கனி முதல் ஜே டவுன் வரை: ஊவாவிலிருந்து ஒரு மறுவாசிப்பு

தமிழும் சிங்களமும் சேர்ந்து ஒலிக்கும் இலங்கைப் பொப் பாடல்களின் வரலாற்றை 2002 பெப்ரவரி 22ஆம் திகதிப் போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. இராஜ் வீரரத்னவின் இசையில் கிரிஷான் மகேசன் தமிழில் ராப் பாடிய 'ஜே டவுன் ஸ்டோரி'யே அதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுகிறது. யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி திறந்தது, பாடலும் கலந்தது என்பது அவ்வாசிப்பின் சாரம். கொழும்பில் நின்று யாழ்ப்பாணத்தை நோக்குபவருக்கு அது பொருந்தும். ஊவா மாகாணத்துப் பதுளையில் நின்று பார்ப்பவருக்குப் பொருந்தாது. பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களையும் அயற் சிங்களக் கிராமங்களையும் பிரிக்கும் போர்முனை எதுவும் இருக்கவில்லை. கடைத்தெருவும் பஸ்ஸும் இருதரப்பினருக்கும் பொது. திறக்கப்பட வேண்டிய வீதியே இல்லாத இடத்தில் மொழிக் கலப்புக்கு வேறு காரணம் தேடியாக வேண்டும்.

அக்காரணத்தை ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி'யில் காணலாம் என்பது என் வாதம். இப்பாடலின் பல்லவி சிங்களம், சரணங்கள் தமிழ், தாளம் பைலா. முதற்பதிவின் ஆண்டு தெளிவில்லை. ஆனால் 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இதைக் கையாண்டதால், அந்த ஆண்டுக்கு முன்பே இது பரவியிருக்க வேண்டும். அத்திரைவடிவத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சிங்களம் அறியாத தமிழ்நாட்டு ரசிகர்களுக்காகப் பாடலை மாற்றியபோதும் சிங்களப் பல்லவியை நீக்கவில்லை. அது வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் முதலில் உதிர்ந்திருக்கக்கூடிய பகுதி அதுதான். இருமொழி அமைப்பே பாடலின் உடலாக இருந்ததால்தான் கடல் கடந்தும் நின்றது. ஆகவே கலப்பு 2002க்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு மூத்தது. 1998இல் தொடங்கிய சக்தி, சூரியன் பண்பலை வானொலிகள் தமிழ்ப் பாடலை நாள் முழுதும் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குள் கொண்டுவந்ததும் போர்நிறுத்தத்துக்கு முந்தியதே.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 'சுராங்கனி'யில் இரு மொழிகளையும் ஒரே பாடகர் பாடுகிறார்; அது இரவல் பல்லவி, உரையாடல் அன்று என்பர். இதை நான் ஏற்கிறேன். 'ஜே டவுன் ஸ்டோரி'யில் சிங்கள இசையமைப்பாளரும் தமிழ் ராப் பாடகரும் தத்தம் பெயரோடு அருகருகே நிற்கிறார்கள்; இது புதிது. அந்தப் புதுமைக்குப் போர்நிறுத்தம் உதவியிருக்கலாம். ஆனால் கலப்புக்கும் நட்புறவுக்கும் முடிச்சுப் போடுவது தவறு. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் தாக்கிக் கொன்றது. மொழிகள் அன்றாடம் உரசி வாழும் ஊவாவிலேயே இது நடந்தது. பல்லவி கலப்பதால் பகை தீரும் என்றால் இங்கே அது முன்பே தீர்ந்திருக்க வேண்டும். எனவே போர்நிறுத்த வாசிப்பு விளக்க வேண்டியது கலப்பை அன்று, ஒரு குரல் இரு குரலான மாற்றத்தை. அம்மாற்றம் அப்பண்பலை வானொலிகள் தொடங்கிய 1998க்கும் 2002க்கும் இடையிலேயே தொடங்கியிருக்கலாம் என்று கருதுகிறேன். உறையில் ஆண்டு அச்சிடாத ஒலிநாடாக்களை மட்டும் நம்பி அதை இன்னும் நெருக்கமாகக் காலவரையறை செய்ய முடியாது.