வாயில் திறந்த வழக்கறிஞர்

பிரெஞ்சிந்திய வரலாற்றை எழுதுவோர் பலரும் ஆளுநர்களின் வரிசையைச் சொல்லி அமைந்துவிடுவர். ஆளப்பட்ட மக்கள் தம் மானத்திற்காக நீதிமன்றப் படியேறிய வரலாறு அதனினும் பெரிது. அவ்வரலாற்றில் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதுச்சேரி வழக்கறிஞரான பொன்னுத்தம்பிப் பிள்ளை ஆவார்.

1873ஆம் ஆண்டு அவர் ஐரோப்பியர் அணியும் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றம் சென்றார். இந்திய வழக்கறிஞர் அவ்வாறு வருதல் வழக்கமன்று என்று தடுக்கப்பட்டார். அவர் பணிந்து திரும்பவில்லை; பாரிசிலிருந்த உச்ச நீதிமன்றம்வரை வழக்கைக் கொண்டு சென்று வென்றார். காலணி சிறிது, அதனைக் கழற்றச் சொல்லும் அதிகாரம் எவருக்கு உண்டு என்னும் வினாவே பெரிது.

இந்தியர் தத்தம் சாதி வழக்கங்களின்படியே தீர்ப்புப் பெறுவர் என 1819ஆம் ஆண்டு ஆணை உறுதியளித்திருந்தது. அதுவே பலருக்கு அரணாகவும் சிலருக்குத் தளையாகவும் அமைந்தது. தளையை அறுக்க விரும்பியோர்க்கு 21.9.1881 ஆணை வழிசெய்தது. பரம்பரை வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பதாக ஒருவர் அறிவிக்கலாம். குடும்பப் பெயர் ஒன்றும் பூணவேண்டும். அறிவித்தபின் மீள இயலாது. இவ்வியக்கத்தின் தலைவராகப் பொன்னுத்தம்பிப் பிள்ளை விளங்கினார். அவர் பூண்ட ‘லாப்போர்த்’ என்னும் பெயருக்கு ‘வாயில்’ என்பது பொருள். அவ்வாயிலின் வழியே சென்ற குடும்பங்களில் மகளும் மகனுக்கு நிகராகச் சொத்துரிமை பெற்றாள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதற்கு ஓராண்டு முன்னரே, 12.3.1880 ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் பத்துக் கொம்யூன்கள் தோன்றின. வில்லியனூரும் பாகூரும் அவற்றுள் அடங்கும். இதனால் வாக்கு ஊர்ப்புறத்திற்கும் வந்தது. வாக்கு வந்தவுடன் சாதியும் கட்சியாயிற்று. மரபு காக்கும் தரப்பிற்குச் சண்முக வேலாயுத முதலியார் தலைமை தாங்கினார். துறந்தோரோ எண்ணிக்கையிற் சிலர். அவருள் கிறித்தவரும் ஒடுக்கப்பட்டோரும் மிகுதி. 1884இல் வாக்காளர் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். சட்டத்தின்முன் பிரெஞ்சியர்க்கு நிகரெனச் சொல்லப்பட்டோர் தேர்தலில் தனியே நிறுத்தப்பட்டனர். 1899இல் அத்தனிப் பட்டியலும் நீக்கப்பட்டது. சமத்துவம் பேசிய குடியரசு, அதனை முழுமையாக வழங்கத் தயங்கியது.

பொன்னுத்தம்பிப் பிள்ளை தம் இனத்தைத் துறந்தார் எனக் குறைகூறுவோர் உளர். அவர்தம் கூற்றை முற்றிலும் தள்ளுதற்கில்லை. பிறர் சட்டத்தின் நிழலில் தேடிய விடுதலைக்கு எல்லை உண்டு என்பதை 1884ஆம் ஆண்டே காட்டிற்று. ஆயினும், வழக்கம் என்ற பெயரால் இழிவு நிலைநிறுத்தப்படும்போது அவ்வழக்கத்தைத் துறப்பது மண்ணைத் துறப்பது ஆகாது. துறந்தோர் தமிழிலேயே பேசினர், இம்மண்ணிலேயே வாழ்ந்தனர். 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கி, 1962இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. எனினும் துறந்தோர் வழிவந்த புதுவைக் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் இன்றும் பொருந்துகிறது.

சிலையும் காவியமும் மன்னர்க்கும் மறவர்க்குமே உரியன அல்ல. நீதிமன்ற வாயிலில் காலணியோடு நிமிர்ந்து நின்ற அவ்வழக்கறிஞரும் பாடற்கு உரியவரே. அவரைப் பாடப் புகும் கவிஞர், அவர் திறந்த வாயிலோடு, அதன் வெளியே நின்றுவிட்ட ஊர்ப்புற மக்களையும் சேர்த்தே பாடவேண்டும்.