முட்கல் பெற்ற கூலி

2,700 ரூபாய்க்கு ஒரு மனிதர் தம் பெயரைப் பறிகொடுத்தார் என்றால் நம்பச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கிறது. அவர் ஹெச். ஜி. முட்கல். சாமானியர் அல்லர். இளமையில் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் மார்க்கஸ் கார்வியின் இயக்கப் பத்திரிகையான 'நீக்ரோ வேர்ல்டு'க்கு ஆசிரியராக இருந்தவர். தாழ்த்தப்பட்டுக் கிடந்த ஓர் இனத்துக்காகப் பேனா பிடித்த கை அது. சுதந்திரத்துக்குப் பின் தற்காலிகப் பாராளுமன்றத்தில் காங்கிரஸ் அங்கத்தினராக அமர்ந்தார்.

அங்கேதான் சறுக்கல். பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காகச் சபையில் கேள்விகள் கேட்டார். முன்பேர வியாபார மசோதாவுக்குத் திருத்தங்கள் கொண்டுவந்தார். மந்திரிகளைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். எல்லாம் பணத்துக்கு. 1951 ஜூன் 8-ல், தம் கட்சிக்காரர் என்றும் பாராமல், பிரதமர் நேருவே விசாரணைக்குத் தீர்மானம் கொண்டுவந்தார். ஐவர் குழுவுக்கு நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைவர், துர்காபாய் ஓர் அங்கத்தினர். குற்றம் ருசுவாயிற்று.

"உழைத்தார், கூலி வாங்கினார், இதில் என்ன தவறு?" என்று கேட்பவர் உண்டு. எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குத் தரகு புதிதல்ல. போடிநாயக்கனூர் ஏலக்காயோ, சந்தை மாடோ, இடையில் ஒருவர் நிற்பார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போதும் மறைவது விலை மட்டுமே. நிற்பவர் தரகர் என்பது சந்தைக்கே தெரியும். முட்கல் மறைத்தது விலையை மட்டும் அல்ல. தாம் தரகர் என்பதையே மறைத்தார். மக்கள் பிரதிநிதி என்ற துண்டு அதற்கு உதவிற்று.

செப்டம்பர் 24-ல், சபை தீர்ப்புச் சொல்லுமுன், ராஜிநாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு வெளியேறினார். சபை விடவில்லை. மறுநாளே, வெளியேற்றத் தக்கவர் அவர் என்று தீர்மானம் எழுதியது. ஆளில்லா நாற்காலிக்கு அளித்த தண்டனைதான். ஆனால் வரப்போகிறவர்களுக்கு எச்சரிக்கை.

எல்லோரும் கேட்டார்களா? 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 பேரைப் பாராளுமன்றம் வெளியேற்ற நேர்ந்தது. லஞ்சத்துக்குச் சபை உரிமை கவசமாகாது என்று சுப்ரீம் கோர்ட் அறுதியிட்டுச் சொன்னது 2024 மார்ச்சில்.

வருசநாட்டு மலையடியில் ஓட்டுப் போட வெயிலில் நிற்கும் கிழவியை நான் நினைத்துக்கொள்கிறேன். சபையில் எழும் ஒவ்வொரு கேள்வியும் அவள் சார்பில் எழுவது. அதற்கான கூலியை அவள் வரிசையில் நின்றே கொடுத்துவிட்டாள்.