வாள் இல்லாதவர்கள்

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு. சுவிட்சர்லாந்தின் கிழக்கே அப்பென்செல் ஊர்ச் சதுக்கத்தில் ஆண்கள் இடுப்பில் வாளோடு கூடுவார்கள். இன்னர்ரோடன் என்ற குட்டி மாநிலத்தின் பொதுச்சபை அது. பெட்டியும் சீட்டும் இல்லை. கையைத் தூக்கினால் வாக்கு. தூக்கும் உரிமை உண்டு என்பதற்கு அந்த வாளே அத்தாட்சி. அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. மகளுக்கு?

அரசியலமைப்பைத் திருத்த மக்களின் சம்மதம் வேண்டும் என்பது சுவிஸ் நாட்டின் பெருமை. அந்த 'மக்கள்' ஆண்கள் மட்டுமே என்றிருந்ததுதான் சிக்கல். பெண்ணுக்கு வாக்கு தரலாமா என்று ஆண்களிடமே கேட்க வேண்டியிருந்தது.

1957 மார்ச்சில், பெண்களையும் குடிமைப் பாதுகாப்புப் பணிக்குக் கட்டாயப்படுத்தலாமா என்று தேசிய வாக்கெடுப்பு வந்தது. கடமை எங்களுக்கு, முடிவு உங்களுக்கா? வாலே மாநிலத்தின் உன்டர்பேக் என்ற மலைக்கிராமம் துணிந்து பெண்களையும் வாக்களிக்க விட்டது. 33 பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் ஊர்த் தலைவரின் மனைவி கத்தரீனா சென்ஹாய்சன். அவர்களுக்கென்று தனிப் பெட்டி. அந்த வாக்குகள் செல்லாது என்றாகிவிட்டது.

1959இல் பெண்களுக்கு வாக்கு தரலாமா என்று நாடு முழுக்க ஆண்களிடம் கேட்டார்கள். 67 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். அதே நாளில் வோ மாநிலம் மட்டும் தன் பெண்களுக்கு மாநில அளவில் வாக்கு தந்தது.

ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம்தான் அரசைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட்டது. பெண்களின் வாக்குரிமைக்கு மட்டும் விலக்கு வைத்து ஒப்பமிடலாம் என்று அரசு யோசித்தது. மனித உரிமையில் பாதியை மட்டும் ஏற்பதாக அறிவிக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்! 1969 மார்ச் 1 அன்று எமிலி லீபர்ஹெர் தலைமையில் சுமார் 5,000 பேர் பெர்ன் நகரில் திரண்டு, விசில் ஊதியே அரசைத் திணறடித்தார்கள். 1971 பிப்ரவரி 7 வாக்கெடுப்பில் 66 சதவீத ஆண்கள் 'சரி' என்றார்கள்.

ஆனால் மாநில வாக்குரிமையில் இன்னர்ரோடன் அசையவில்லை. தேசியத் தேர்தலில் வாக்களிக்கும் பெண், சொந்த ஊர்ச் சதுக்கத்தில் வேடிக்கை மட்டுமே பார்க்க முடிந்தது. 1973, 1982, 1990 என மூன்று முறை ஆண்கள் மறுத்தார்கள். விவகாரம் லோசான் நகரின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெண்களோடு சில ஆண்களும் வழக்கில் சேர்ந்தார்கள்.

1990 நவம்பர் 27. நீதிபதிகள் மாநிலச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. வாக்குரிமை 'நாட்டு மக்களுக்கு' என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. 1981இல் தேசிய அரசியலமைப்பில் சேர்ந்த ஆண் பெண் சமத்துவப் பிரிவின்படி, மக்கள் என்றால் பெண்களும்தான் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

அடுத்த ஏப்ரலில் பெண்கள் வாக்காளர் அட்டையோடு சதுக்கத்துக்குள் வந்தார்கள். ஆண்கள் பலர் வாளோடுதான் வந்திருந்தார்கள்.