வீட்டுத்தோட்டமும் போத்தலும்: உணவு நற்காப்பறிவின் சமூக வரலாறு

தோட்டத்து விளைச்சலைப் போத்தலில் அடைத்துப் பேண முற்படும் புதியவருக்கு முதலிற் கற்பிக்கப்படும் விதிகள் இரண்டு. தக்காளியை, எலுமிச்சைச் சாறு சேர்த்து, கொதிநீரில் அமிழ்த்திப் பதப்படுத்தலாம் என்பது ஒன்று. போஞ்சியை அவ்வாறு செய்யலாகாது, அதற்கு அமுக்கக் கலம் இன்றியமையாதது என்பது மற்றொன்று. மேலோட்டமாக நோக்குமிடத்து இவை வெறும் சமையற் குறிப்புகளாகவே தோன்றும். எனினும், இவ்வறிவு யாருடைய தேவைக்காகத் தோன்றியது, யாருடைய உடைமையாயிற்று, யாருடைய உழைப்பில் நிலைபெற்றது ஆகிய வினாக்களை எழுப்பும்போது, இவ்விரு விதிகளும் ஒரு சமூக வரலாற்றின் விளைபொருள்கள் என்பது புலனாகும். அவ்வரலாற்றை, அது தெளிவாக வெளிப்பட்ட ஐக்கிய அமெரிக்காவைச் சிறப்பாகக் கொண்டு, இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஒடியலும் கருவாடும் ஊறுகாயும் நாமறிந்த பழைய நற்காப்பு முறைகளின் பேறுகள். நீரை அகற்றியோ, உப்பையும் புளிப்பையும் ஏற்றியோ அவை உணவைக் காத்தன. காற்றுப்புகாது அடைத்து வெப்பமேற்றும் முறை இவற்றினின்றும் வேறானது. பாரிசில் இனிப்புப்பண்டங்கள் செய்துவந்த நிக்கொலா அப்பேர் அதனை உருவாக்கினார். நெடுந்தூரப் போர்களில் ஈடுபட்டிருந்த பிரான்சின் கடற்படை அவரது போத்தல்களைப் பரிசோதித்தது. 1810இல் அரசாங்கம், முறையை நூலாக வெளியிடவேண்டும் என்னும் நிபந்தனையுடன், அவருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீற்றர் டியூறன்ட் இத்தகைய முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவ்வுரிமை விலைக்குக் கைமாறி, 1813இல் இலண்டன் பெர்மண்ட்சியில் தகரப்பேணித் தொழிற்சாலையாக உருப்பெற்றது. அதன் முக்கிய வாடிக்கையாளர்கள் தரைப்படையும் கடற்படையுமே. ஒரே ஆண்டில் ஒரே அறிவு ஓரிடத்தில் பொதுநூலாகவும் மற்றோரிடத்தில் தனியுடைமையாகவும் வெளிப்பட்டமை தற்செயலன்று. அது இரு நாடுகளின் பொருளாதார அமைப்புகளையும் சுட்டிநிற்கின்றது.

உணவு கெடாதிருந்ததன் உண்மைக் காரணத்தை அப்பேர் அறிந்திருக்கவில்லை. நுண்ணங்கிகளே உணவைக் கெடுக்கின்றன என்பதை 1860களில் லூயி பாஸ்ரர் நிறுவினார். 1895இல் பெல்ஜியத்தில் பன்றியிறைச்சி உண்டவர்களிடையே ஏற்பட்ட நஞ்சூட்டலை ஆராய்ந்த வான் எர்மெங்கெம், பொற்றுலினம் என்னும் பற்றீரியாவைக் கண்டறிந்தார். அதன் வித்திகள் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீரிலும் அழியா. காற்றற்ற, அமிலங் குறைந்த போத்தலினுள் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அமிலநிலை 4.6 பீஎச்சுக்கு மேற்பட்ட போஞ்சி போன்றவற்றை, அமுக்கத்தின்கீழ் ஏறத்தாழ 116 பாகைக்கு வெப்பமேற்ற வேண்டியிருப்பது இதனாலேயே. தக்காளி அவ்வெல்லையை ஒட்டி நிற்பதால் அதற்கு எலுமிச்சைச் சாறு துணையாகின்றது. 1919இல் கலிபோர்னியாவிலே பேணியிலடைக்கப்பட்ட ஒலிவ் காய்கள் கிழக்கு மாநிலங்களிற் பல உயிர்களைப் பலிகொண்டன. அதன் பின்னரே, 1925இல், அம்மாநிலம் தொழிற்சாலைகளைச் சட்டத்தாற் கண்காணிக்கத் தொடங்கியது. இலாபநோக்கு தானாகவே பாதுகாப்பைத் தரவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தொழிற்சாலை வளர்ந்த அதே காலத்தில் வீட்டிலும் இம்முறை வேரூன்றியது. 1858இல் யோன் மேசன் ஆக்கவுரிமை பெற்ற திருகுவாய்க் கண்ணாடிப் போத்தல் அதற்கு வழிசெய்தது. 1910இல் தென் கரோலினாவின் எய்க்கன் பகுதியில் மேரி குறோமர் என்னும் ஆசிரியை சிறுமியருக்கான தக்காளிக் கழகத்தை நிறுவினார். ஒவ்வொரு சிறுமியும் ஏக்கரின் பத்திலொரு பங்கிற் பயிரிட்டு, விளைவை அடைத்து விற்றாள். தந்தையின் நிலத்தில் ஊதியமின்றி உழைத்த பெண்பிள்ளைகள் சிலர் தம் பெயரிற் பணம் ஈட்டியமை சிறிய மாற்றமன்று. எனினும், 1914ஆம் ஆண்டின் சிமித் – லீவர் சட்டம் இத்தகைய பயிற்சிக்கு நிதி ஒதுக்கியபோது, தென்மாநிலங்களில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனியே இருந்த விவசாயக் கல்லூரிகளுள் எதற்கு அது செல்லவேண்டும் என்பதை மாநிலச் சட்டமன்றங்களே தீர்மானித்தன. அறிவு பரவிய பாதையும் நிறபேதத்தின் பாதையாகவே இருந்தது.

போர்க்காலங்களில் அரசு வீட்டுச் சமையலறையை நேரடியாக நாடியது. 1917இல் அமைக்கப்பட்ட தேசியப் போர்த்தோட்ட ஆணைக்குழு, பயிரிடுமாறும் அடைத்துப் பேணுமாறும் மக்களை வேண்டியது. இரண்டாம் உலகப் போரில் மில்லியன்கணக்கான வீட்டுத்தோட்டங்கள் தோன்றின. தொழிற்சாலைப் பேணிகள் படையினருக்குச் செல்ல, குடிமக்களின் உணவுப் பற்றாக்குறையை ஈடுசெய்யும் சுமை பெரும்பாலும் பெண்களின் ஊதியமற்ற உழைப்பின்மீது விழுந்தது. அவ்வுழைப்புக்கு வழங்கப்பட்ட பெயர் நாட்டுப்பற்று.

ஆயின், அந்நெருக்கடியே வேறொரு சாத்தியத்தையும் ஈன்றது. உலோகம் போர்த்தளபாட உற்பத்திக்குத் திருப்பப்பட்டமையால் அமுக்கக் கலங்கள் அரிதாயின. கலங்களை அயலவர் பகிர்ந்துகொண்டனர். பாடசாலைகள் முதலிய இடங்களிற் பொது நற்காப்பு நிலையங்கள் எழுந்தன. தத்தம் தோட்டத்து விளைவைக் கொண்டுவந்து, பொதுவான கருவிகளைக்கொண்டு, பயிற்சி பெற்றோரின் மேற்பார்வையில் குடும்பங்கள் அடைத்துச் சென்றன. தனிக் குடும்பத்தின் வீட்டுவேலை சமூகக் கைத்தொழிலாக மாறுதல் வேண்டும் என 1884இல் ஏங்கெல்ஸ் வாதிட்டார். அம்மாற்றத்தின் முளையினை இந்நிலையங்களிற் காண்கின்றோம். போர் முடிந்தபின் அவற்றுட் பெரும்பாலானவை மறைந்தன. வேர்ஜீனியா, ஜோர்ஜியா முதலிய மாநிலங்களிற் சில மட்டும் எஞ்சியுள்ளன. ஆலைப் பேணியும் தனிவீட்டுச் சமையலறையும் மீண்டும் முதன்மை பெற்றன.

எனவே, வீட்டில் உணவை அடைத்துப் பேணுதலைப் பழமைக்குத் திரும்புதலென்று போற்றுவதோ, பெண்ணடிமையின் எச்சமென்று ஒதுக்குவதோ வரலாற்றுக்குப் பொருந்தாது. அப்பேரின் அனுபவமும் பாஸ்ரரின் ஆய்வும் பெயரறியாப் பெண்களின் உழைப்பும் சேர்ந்து உருவாக்கிய மனிதகுலத்தின் பொதுச்சொத்து அது. கலம் யாரிடம் இருக்கின்றது, உழைப்பு எவ்வாறு பகிரப்படுகின்றது என்பனவே அதன் சமூகப் பெறுமதியைத் தீர்மானிக்கின்றன. புதியவருக்குக் கற்பிக்கப்படும் இரு விதிகளோடு இம்மூன்றாவதையும் சேர்த்துக் கற்பித்தல் தகும்.